அந்தச் சொல்லில் கண் இல்லை

ராயபுரம்
9-1-1967

அன்புள்ள கஸ்பார் அண்ணனுக்கு,

தங்கை இருதயம் எழுதுவது. சிலுவையம்மாள் அண்ணிக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? இந்தப் பனியில் அதிகாலைப் பூசைக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இங்கே நானும் பிலோமியும் சுகம். அவருக்குத்தான் சுகமில்லை.

புத்தாண்டு அன்று அவருக்குத் தலைவலி தொடங்கியது. துறைமுகத்துக் கிரேன் கூண்டில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறதே, அதுதான் என்று விட்டுவிட்டோம். நாலாம் நாள் இடது பக்கம் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருந்தாலும் ஆபீசுக்குச் சீட்டு வேண்டுமே என்று ஒரு டாக்டரிடம் போனார். பதினான்கு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டில் நோயின் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. பிலோமி எழுத்துக் கூட்டி ‘ஹெர்ப்பிஸ் ஜாஸ்டர்’ என்று படிக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களைக் கேட்கச் சொன்னார்.

இன்னும் ஒன்று கேட்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அந்த வார்த்தைல கண்ணுன்னு எதனா வருதான்னு மச்சானைக் கேளு. வந்தா சீட்ட ஆபீஸ்ல குடுக்க மாட்டேன்.” கிரேன்காரருக்குக் கண்ணில் குறை என்று காகிதத்தில் வந்துவிட்டால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுவார்களாம். மே மாதம் பிலோமிக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கிரேன்காரர் மகள் என்றுதான் பேசி முடித்திருக்கிறார்கள்.

சடையங்குப்பத்தில் மண்ணாங்கட்டி என்று ஒரு குயவர் காவி பூசி அக்கி எழுதுகிறாராம். சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதிலுக்காகக் காத்திருக்கும்,
இருதயம்மாள்


பொன்மலை
14-1-1967

பிரியமுள்ள இருதயத்துக்கு,

அண்ணிக்கு இரண்டு நாளாய் இரைப்பு இல்லை. நீ சொன்னதைச் சொன்னேன். “அவளே வந்து தடுக்கட்டும்” என்றாள்.

நல்ல கேள்வி கேட்டாய். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாக என்னிடம் யாரும் எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை. உடனே பள்ளி நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன்.

ஹெர்ப்பிஸ் என்பது கிரேக்கச் சொல். ஊர்வது என்று பொருள். வேலியில் கோவைக்கொடி ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பாய் அல்லவா, அதுபோலத் தோலில் ஊர்கிறது. ஜாஸ்டரும் கிரேக்கம்தான், இடுப்பில் கட்டும் வார். இதே நோய்க்கு இங்கிலீஷில் ஷிங்கிள்ஸ் என்று ஒரு பெயர் உண்டு. அது லத்தீனிலிருந்து வந்தது. சிங்குலும் என்றால் இடைக்கச்சை. பூசைக்கு உடுத்தும்போது குருவானவர் வெள்ளை அங்கிமேல் கட்டுவாரே, அந்தக் கயிற்றுக்கும் அதே பெயர்தான். நானும் மாப்பிள்ளையும் பீடச்சிறுவர்களாய் இருந்தபோது அதை எடுத்து நீட்டுவது அவர் வேலை. நம் அக்கி என்ற சொல்கூட அக்கினியிலிருந்து வந்தது என்பார்கள். ஆக, நெருப்பாலான ஓர் அரைக்கச்சை என்று வைத்துக்கொள்.

அரை, அதாவது பாதி, என்று சொன்னது காரணத்தோடுதான். அக்கியின் இரண்டு முனையும் சந்தித்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதே. தெரு விளக்குக் கம்பியில் ஒரு வரிசை கெட்டால் அந்தப் பக்கத்து விளக்குகள்தானே அணைகின்றன? இதுவும் ஒரு நரம்பின் வழியே ஒரு பக்கம் மட்டும் ஓடும். மூன்று வாரத்தில் தானாக ஆறிவிடும். வேட்டியைத் தளர்த்திக் கட்டச் சொல். குயவர் பூசும் காவி குளிர்ச்சிதான், கெடுதல் இல்லை. சாமியாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கண் என்று எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. மாப்பிள்ளை தைரியமாகச் சீட்டைக் கொடுக்கட்டும்.

உங்கள் மூவரையும் நினைத்துக்கொண்டே,
கஸ்பார்


ராயபுரம்
21-1-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி சொன்னதைப் படித்துப் பிலோமி வெகுநேரம் சிரித்தாள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வேட்டியைத் தளர்த்தச் சொன்ன இடத்தில் அவரும் சிரித்தார்.  மறுநாள் சீட்டை ஆபீசில் கொடுத்துவிட்டார். குமாஸ்தா வாங்கிக் கோப்பில் செருகினாராம். ஒரு கேள்வி இல்லை.

சடையங்குப்பம் போனோம். மண்ணாங்கட்டி வாசலிலேயே உட்கார்ந்து காவியைக் குழைத்துக்கொண்டிருந்தார். இவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். எழுதுவதற்காகக் கையில் எடுத்திருந்த கோழி இறகைக் கீழே வைத்துவிட்டார். “நான் எயுத மாட்டேன் நைனா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளிக்கு இல்ல, இப்பவே போ” என்றார். எவ்வளவு கெஞ்சியும் இறகை எடுக்கவில்லை.

வழியெல்லாம் இவருக்குக் கோபம். “மண்ணு பிசையறவனுக்கு இன்னா தெரியும்? உங்க அண்ணன் படிச்சவரு, மூணு வாரம்னு எய்திகீறாரு” என்றார். திரும்பும் வழியிலேயே வேம்பு என்று ஒரு அம்மாள் அக்கி எழுதிவிட்டாள். மூன்று நாள் எழுத வேண்டுமாம், அதுவரை வேறு மருந்து ஆகாதாம். இன்றோடு மூன்று நாள். திங்கட்கிழமை கிரேன் ஏறுகிறார்.

நீங்கள் சொன்னதுதான் எங்களுக்குத் தெம்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருதயம்மாள்


பொன்மலை
26-1-1967

பிரியமுள்ள இருதயத்துக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். கொடியேற்றத்துக்குப் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள், மிட்டாயோடு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குயவர் ஏன் மறுத்தார் என்று நீ எழுதவில்லை. நீங்கள் வேதக்காரர்கள் என்பதால் தயங்கியிருப்பார். அல்லது காலம் கடந்து வந்துவிட்டீர்கள் என்று நினைத்திருக்கலாம். கை வேலைக்காரர்களுக்கு இப்படிச் சில விதிகள் இருக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதே. இரண்டாம் வகுப்புப் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் சில சமயம் விடை சரியாய் வந்துவிடும். வேம்பு அம்மாள் விஷயமும் அப்படித்தான். ஆறினால் சரி.

இடுப்பில் எரிச்சல் சில வாரம் மிச்சம் இருக்கும். கூண்டில் உட்காரும்போது ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

பதில் போடு.
கஸ்பார்


ராயபுரம்
24-2-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எலெக்‌ஷன் சத்தத்தில் தெருவே தூங்கவில்லை. தபசுகாலம் தொடங்கியதிலிருந்து அண்ணி ஒருசந்தி விரதம் இருக்கிறார்களா? இரைப்புள்ளவர்களுக்கு அது கட்டாயமில்லை என்று சாமியார் சொல்கிறார்.

நீங்கள் சொன்னபடியே புண் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. மூக்கு நுனியில் இருந்த கொப்புளத்தின் வடு மட்டும் போகவில்லை. தினமும் வேலைக்குப் போகிறார். விளக்கு வெளிச்சம் ஆகவில்லை என்று அரிக்கேன் விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார். நேற்றுக் காப்பியைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, “இத யாரு நவுத்தி வச்சது?” என்று பிலோமியைக் கடிந்துகொண்டார். தம்ளர் வைத்த இடத்தில்தான் இருந்தது.

கூட வேலை செய்கிற ஹென்றி தினமும் வீடு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போகிறான். நல்ல பையன்.

வேறு விசேஷம் இல்லை.
இருதயம்மாள்


பொன்மலை
28-2-1967

இருதயம்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இடுப்பில் வந்த அக்கிக்கு மூக்கு நுனியில் எப்படிக் கொப்புளம் வந்தது? அப்போதுதான் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் என்று எழுதியிருக்கிறாய். குயவர் தலைத்துண்டை எடுத்துப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். இடுப்பு என்று நீ ஓரிடத்தில்கூட எழுதவில்லை. எழுதியவன் நான்.

எங்கள் தெருவில் ஹபீபுல்லா டாக்டர் இருக்கிறார். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மூக்கு நுனியா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், மூக்கு நுனியா?” என்று இரண்டு முறை கேட்டார். நெற்றியிலிருந்து இறங்கும் ஒரே நரம்புதான் பிரிந்து மூக்கு நுனிக்கும் கண்ணுக்குள்ளேயும் போகிறதாம். நுனியில் கொப்புளம் வந்தால் உள்ளே கண்ணிலும் வந்திருக்கிறது என்று அநேகமாக முடிவு செய்துவிடலாமாம். முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து விட்டிருக்க வேண்டும் என்கிறார்.

மாப்பிள்ளை என்னிடம் கண்ணைப் பற்றித்தான் கேட்டார். நான் சொல்லைப் பற்றிப் பதில் எழுதினேன். பக்கம் பக்கமாய் எழுதினேன்.

நாளைக் காலையே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. அதுவரை கிரேன் ஏற வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பென்சில் நுனிகளை எதிரெதிரே கொண்டுவந்து தொட வைத்துப் பார், தூரம் பிடிபடாது. அவர் கொக்கியின் கீழே ஆட்கள் நிற்கிறார்கள். தந்தி கொடு.

கஸ்பார்


காசிமேடு
12-3-1967

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு,

நான் ஹென்றி. உங்களைப் பார்த்ததில்லை, நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இருதயம் அக்கா பதில் எழுத எங்கள் கிரேன்கார அண்ணன் விடவில்லை. உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டி அழுதார்கள். கவரில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

என் வேலை கப்பல்மேல் நின்று கையசைப்பது. சரக்கு இறக்கும் குழியின் விளிம்பில் நான் நிற்பேன். ஆட்கள் கீழே ஹோல்டில், அதாவது கப்பல் வயிற்றுக்குள், மூட்டை கட்டுவார்கள். மேலே கூண்டில் இருக்கிற கிரேன்காரர் என் கையைப் பார்த்துத்தான் கொக்கியை இறக்க வேண்டும். அதுதான் வழக்கம், கிரேன்காரர் வேறு யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

அண்ணன் இடது கண் பால் போட்ட மாதிரி ஆகிவிட்டது. என் கை தெரிகிறது, கொக்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் இன்னும் எத்தனை அடி இறக்கலாம் என்று விரல்களால் கணக்குச் சொல்கிறேன். ஐந்து விரல், நாலு, மூன்று. போன வியாழக்கிழமை இரும்புத் தகடு இறக்கும்போது ஹோல்டில் வேலை செய்கிற மாரியப்பன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. மாரியப்பன் மேலே பார்த்து, “மாமு, தொப்பிய கயட்டிக்கவா?” என்றான். எல்லாரும் சிரித்தோம். 

ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு ஆபீசுக்கு வரும் என்று அண்ணன் போகவில்லை. மே மாதம் வரை என்கிறார். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார். ஆபீசுக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹென்றி


ராயபுரம்
20-3-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹென்றி எழுதியது தெரியும். தெரிந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? உங்களுக்கும் அண்ணிக்கும் பாஸ்கு திருநாள் நல்லபடி நடக்கட்டும்.

சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டர், கண்ணைப் பார்க்க வேண்டும், இரண்டு நாளில் மறுபடி வா என்று சொல்லியிருந்தார். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. இவர்தான் எழுத வேண்டாம் என்றார். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரே சொன்னதாக எழுத்தில் இருந்தால் யார் கையிலாவது சிக்கிவிடும் என்று பயந்தோம். கண் என்று வார்த்தையில் இல்லையென்று நீங்கள் எழுதியதும் அவர் அந்த டாக்டரிடம் திரும்பவே இல்லை. போன வாரம் நான் சண்டை போட்டு எழும்பூருக்கு வேறு பெயரில் அழைத்துப் போனேன். தழும்பு விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

இப்போது ஒரு உதவி கேட்கச் சொல்கிறார். ஏப்ரல் கடைசியில் வருஷாந்தரக் கண் பரிசோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டிய அட்டையில் இங்கிலீஷ் எழுத்துகளை மேலிருந்து கீழே படிக்கச் சொல்வார்கள். கண்ணாடிக் கடைகளில் அதே அட்டை இருக்கிறதாம். அந்த எழுத்துகளை வரிசையாய் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் மனப்பாடம் செய்துகொள்வாராம். “எங்க பிலோமிக்காக மச்சான் இத செய்யட்டும்” என்றார்.

உங்களைக் கேட்கும்போது எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இருதயம்மாள்


பொன்மலை
25-3-1967

பிரியமுள்ள இருதயத்துக்கு,

பெரிய சனிக்கிழமை. அண்ணி கோயிலுக்குப் போயிருக்கிறாள், வீட்டில் நான் மட்டும்.

அந்த எழுத்துகள் எனக்கே பாதி தெரியும். கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. ஆனால் எழுதி அனுப்ப மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் பையன்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்தவன்தான். புரியாமல் ஒப்பித்த பையன் பரீட்சையில் தேறிவிடுவான், அவன் தோற்றால் அவனோடு போகும். இது அப்படியில்லை.

பிலோமியின் கல்யாணத்தைப் பொன்மலையில் என் வீட்டிலிருந்து நடத்தலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசுகிறேன். அவரைக் கிரேனிலிருந்து இறங்கச் சொல். அவராக இறங்கினால் கௌரவமாக ஏதாவது வேலை பார்த்துக் கொடுப்பார்கள். அண்ணிக்கு நேற்றிலிருந்து இரைப்பு மறுபடி ஆரம்பித்திருக்கிறது, கொஞ்சம் தெளிந்ததும் அடுத்த வண்டியில் வருகிறேன்.

கஸ்பார்


காசிமேடு
9-4-1967

சார் அவர்களுக்கு,

நேற்று மூன்று மணிக்கு மாரியப்பன்மேல் இரும்புக் கட்டு இறங்கிவிட்டது. உயிர் இருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் இரண்டு விரல் காட்டினேன். அண்ணன் நாலு என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

விசாரணை வைத்தார்கள். கயிறு நழுவியது என்று நானும் சொன்னேன், கேங்கில் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் இன்றைக்கும் ஷிப்டுக்குப் போனார். நீங்கள் இனியும் வராமல் இருக்காதீர்கள்.

ஹென்றி


பொன்மலை
25-4-1967

பிரியமுள்ள இருதயத்துக்கு,

சுகமாய் ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த இட்லியை வண்டியில் சாப்பிடவில்லை, மன்னித்துக்கொள்.

புறப்படும்போது உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்று மாலை உன் வீட்டுக்காரரிடம் நான் பேசியதை நீ அடுப்படியிலிருந்து கேட்டிருப்பாய். “நீ அர்த்தம் சொன்னவன் மச்சான். அத்தோட நிறுத்திக்க” என்றார்.  நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மாரியப்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையை அவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். நான் பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினான். “தெரியும் சார். கிரேன்காரருக்கு ஒரு கண்ணு பூட்ச்சின்னு எங்க கேங்குக்கே தெரியும். பொண்ணு கண்ணாலம் முடியட்டும்னாரு. மே மாசம் வரிக்கும்தானே, பாத்துக்கலாம்னு நின்னோம்.” கோபமே இல்லாமல் சொன்னான்.

அவன் மனைவி ஆவுடையம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். விசிறியை நிறுத்தாமல், “கப்பலாண்ட கீறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிகீது. வூட்ல சோறு ஆக்கி வச்சிகினு குந்திகினு இருந்தேனே, எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் யார் என்று கேட்கவும் இல்லை.

அங்கிருந்து நேரே துறைமுக ஆபீசுக்குப் போய், என் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதங்களைக் காட்டவில்லை, ஹென்றியின் பெயரும் அதில் இல்லை. பரிசோதனையில் இரண்டு கண்ணையும் தனித்தனியே, புது அட்டையில் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

நீ எனக்கு எழுதாமல் இருக்கலாம். நான் எழுதுவேன்.

கஸ்பார்


ராயபுரம்
31-7-1967

அண்ணனுக்கு,

உங்கள் நாலு கடிதமும் வந்தன. அண்ணிக்கு இரைப்புக்கு ஊசி போடுவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறார்கள்?

பரிசோதனை அன்றைக்கே அவரை இறக்கிவிட்டார்கள். பிலோமியின் ஓலையை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசவில்லை, வருவதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள். அவள் இப்போது தையல் வகுப்புக்குப் போகிறாள்.

நீங்கள் செய்தது சரிதான் என்று ஹென்றி சொல்கிறான். ஆவுடையம்மாளைக் கோயில் வாசலில் பார்த்தேன், அவள் வேதக்காரி இல்லை, என்னைத் தேடித்தான் வந்திருந்தாள். உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடு என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்பதற்குள் போய்விட்டாள்.

ஆபீசில், துறைமுக கேட்டில் காவலுக்கு உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். இடம் காலியாக இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரை வீட்டில் உட்கார அவரால் முடியவில்லை. உங்களுக்கு எழுதக் கூடாது என்றார், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மேஸ்திரியைப் பிடித்து, ஹென்றி தடுத்தும் கேட்காமல், வேறு பெயரில் கேங்கில் சேர்ந்துவிட்டார். மாரியப்பன் இருந்த கேங்கில்தான் ஆள் குறைந்திருந்தது.

மேலே புதுக் கிரேன்காரன், சுப்பராயன் என்று பெயர், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவன். இவர் கீழே ஹோல்டில் நிற்கிறார். இடது பக்கமிருந்து எது வந்தாலும் இவருக்குத் தெரிவதில்லை. நேற்று நான் இடது பக்கம் போய் நின்று சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கும் வரை நான் அடுப்படியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை ஷிப்டு. மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவார். இப்போது ஐந்தரை ஆகிறது. தெருமுனையில் ஹென்றி வருவது தெரிகிறது. தனியாக வருகிறான்.

எழுந்து போகிறேன் அண்ணா.

இருதயம்